ஒரே கதையை 25 வருஷம் எழுதியவர்

தலைவர் அவர்களே, விடுமுறை நாளிலும் வந்து கதவைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, மைக்கும் நாற்காலியும் ஏற்பாடு செய்த வார்டு கவுன்சிலர் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த வாசகர் வட்டத்து அண்ணன்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கிற கல்லூரித் தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பெண்ணிய அறிவியல் புனைகதைத் தொடர்கள் காலத்தோடு எப்படி மாறின என்று பேசச் சொன்னார்கள். எழுதியவர், பதிப்பித்தவர், படித்தவர் என்று மூன்று பேரைப் பற்றியும் சொல்கிறேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். அமெரிக்க எழுத்தாளர் சூசி மக்கீ சார்னாஸ் ஒரே கதையை 25 வருஷம் அடித்து நகர்த்தியவர்.

ஹோல்ட்ஃபாஸ்ட் வரிசையில் நான்கு நாவல்கள். 1974இல் வந்த முதல் நாவலில், உலகம் அழிந்தபின் மிஞ்சிய ஆண்கள் பெண்களை அடிமையாக வைத்திருக்கிறார்கள். ஆல்டெரா என்ற அடிமைப் பெண்ணின் பார்வைக்குக் கதை வருவதற்குள் மூன்று ஆண்களின் முறை முடிந்துவிடுகிறது. 1978இல் வந்த ‘மதர்லைன்ஸ்’ நாவலிலோ ஒரு ஆண் பாத்திரம்கூடக் கிடையாது. பெண்கள் இயக்கம் தெருவில் இருந்த காலம் அது, அந்தச் சூடு நாவலில் அப்படியே இருக்கிறது. தப்பிவந்த அடிமைகளுக்கும் குதிரையேறித் திரியும் சுதந்திரப் பெண்களுக்கும் ஒத்தே போகாது. அப்புறம் 16 வருஷ இடைவெளி. 1994இல் ‘தி ஃப்யூரீஸ்’. திரும்பி வந்து ஜெயித்த பெண்கள் ஆண்களை அடிமையாக்கிவிடுகிறார்கள். 1999இல் வந்த கடைசி நாவலில் ஆல்டெராவின் மகள் ஒரு ஆண் பிள்ளையை எடுத்து வளர்க்கிறாள். பழி தீர்த்த ஊரில் அவன் எப்படி வளர்வான்? முதல் நாவலில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அம்மி நகர்ந்திருக்கிறது.

பழி என்றதும் வங்காள எழுத்தாளர் ரொக்கேயா பேகத்தைச் சொல்லாமல் விட முடியாது. கணவர் சர்க்கார் அதிகாரி, சுற்றுப்பயணம் போயிருக்கிறார். வீட்டில் தனியாக இருந்த ரொக்கேயா, பொழுது போக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதுகிறார். ஆண்களெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்க, பெண்கள் சூரிய வெப்பத்தில் சமைத்து, ஆகாயத்தில் பறந்து நாட்டை ஆளும் கதை. திரும்பி வந்த மனுஷர், என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கிறார். ரொக்கேயா தாளை நீட்டுகிறார். அவர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, “பயங்கரமான பழிவாங்கல்!” என்கிறார். அந்தக் கதை 1905இல் அச்சேறியது எங்கே தெரியுமா? நம் மதராஸில், பெண்களுக்காக நடந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில்!

சரி, கவுன்சிலர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். இந்த நூலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பெண்கள் பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், 11 மணிக்கெல்லாம் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்புகிறார்கள். பெண்கள் உட்கார்ந்து படிக்க முடியாத ஊரில் நான்கு பாகம் எழுதி யாருக்குக் கொடுப்பது? மனுமேல் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்ற நம்பிக்கையில்.

புது மனு வாசல் மேசையில் இருக்கிறது. டீ குடிக்கப் போகும்முன் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்தைக் கவுன்சிலர் அவர்களே போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.