நூறு வாட் போதும்

பெருமதிப்பிற்குரிய கல்லூரித் தாளாளர் அவர்களே, முதல்வர் அம்மையார் அவர்களே, நுண்கலை மன்றத்தின் பொறுப்பாசிரியர் அவர்களே, வேலைகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய மாணவர் பேரவைச் செயலாளர் தங்கைக்கும், காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு போராடிக்கொண்டிருக்கும் தம்பிக்கும், மாணவச் செல்வங்களுக்கும் என் வணக்கம். தாளாளர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க முடியாது. மேற்கத்திய இசையைப் பற்றி ஒரு கூட்டம் போடலாமா என்று மாணவர்கள் கேட்டவுடன் மண்டபத்தையே திறந்துவிட்டவர். அவருக்கு இன்னொரு முறை கைதட்டுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் வந்த பாப் இசை, அதற்குப் பக்கத்தில், பெரிய கம்பெனிகளுக்கு வெளியே வளர்ந்த ஆல்டர்நேட்டிவ் இசை, அதற்குள் கம்ப்யூட்டர் நுழைந்த கதை, இந்த மூன்றையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் பாப். 1987-இல் மைக்கேல் ஜாக்சனின் 'பேட்' வந்தது. அந்த ஒரே ஆல்பத்திலிருந்து ஐந்து பாட்டுகள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயின. 1989-இல் மடோனாவின் 'லைக் எ பிரேயர்'. லண்டனில் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் என்று மூன்று பேர் ஹிட் மேல் ஹிட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரிக் ஆஸ்ட்லி, கைலி மினோக் எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவர்கள்தான். அந்தப் பாட்டுகளை நான் மட்டமாகப் பேச மாட்டேன். நல்ல மெட்டு நல்ல மெட்டுதான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் பணம் இருந்தது, வீடியோ இருந்தது, பாட்டு வீடியோக்களையே ஒளிபரப்பும் எம்.டி.வி. சானல் இருந்தது.

நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்கிற பழமொழி ஒன்று உண்டு. குடத்துக்குள் வைத்த விளக்கு, குன்றின் மேல் வைத்த விளக்கு. இரண்டிலும் எரிவது ஒரே எண்ணெய்தான்.

அந்த வருஷங்களில் குடத்துக்குள் எத்தனை விளக்குகள்! மான்செஸ்டரில் த ஸ்மித்ஸ் என்ற குழுவினர் 1987-இல் பிரிந்தார்கள். அதே ஊரிலிருந்து ஸ்டோன் ரோஸஸ், ஹாப்பி மண்டேஸ் என்ற இரண்டு குழுக்கள் கிளம்பி, 1989 நவம்பரில் ஒரே இரவில் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் தோன்றினார்கள். பாஸ்டனில் பிக்ஸீஸ். நியூயார்க்கில் சோனிக் யூத். சியாட்டிலில் நிர்வாணா என்ற குழு சுமார் 600 டாலர் செலவில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்து 1989-இல் வெளியிட்டது. இவர்களை முதலில் யார் கேட்டார்கள்? அதற்குத்தான் ஒரு சம்பவம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1988 ஜூன் 11. லண்டன் வெம்ப்ளி மைதானம். நெல்சன் மண்டேலா சிறையில் இருக்கிறார், அடுத்த மாதம் அவருக்கு எழுபது வயது. அவருக்காக மாபெரும் இசை விழா. மைதானத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பு. டிரேசி சாப்மன் என்ற இருபத்துநாலு வயதுப் பெண், கருப்பினப் பெண், பிற்பகலிலேயே மேடையேறிச் சில பாட்டுகள் பாடிவிட்டார். ஏப்ரலில்தான் அவருடைய முதல் ஆல்பம் வந்திருந்தது. பாடினார், இறங்கினார், அவ்வளவுதான்.

மாலை. அடுத்து வருகிறவர் ஸ்டீவி வொண்டர். மேடைக்கு ஏறப் போகிற நேரத்தில், அவருடைய சின்தசைசரின், அதாவது மின்னணு இசைக்கருவியின், ஹார்ட் டிஸ்கைக் காணவில்லை! அவர் இசை முழுக்க அதில்தான் இருக்கிறது.  அது இல்லாமல் வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அந்த மாமேதை அழுதுகொண்டே திரும்பிப் போய்விட்டார். மேடை காலி. கேமரா ஓடுகிறது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரை அனுப்புவது? இசைக்குழு வேண்டாம், கம்பிகள் இழுக்க வேண்டாம், ஒரு மைக்கும் கித்தாரும் இருந்தால் போதும் என்கிற ஆள் யார்? அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டார்கள்.

வந்தார். தனியாக நின்றார். 'ஃபாஸ்ட் கார்' பாடினார். குடிகார அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் படிப்பை விட்ட ஒரு பெண், கடையில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, எப்படியாவது இந்த ஊரை விட்டுப் போய்விடலாம் என்று நினைக்கிற பாட்டு. பேசிக்கொண்டிருந்த மைதானம் அடங்கியது. அந்தக் கோடையிலேயே ஆல்பம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம். செப்டம்பர் 30-ஆம் தேதி அதே டிரேசி சாப்மன் ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் இசைப் பயணத்தோடு டெல்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்துக்கே வந்து பாடினார். ஸ்டீவி வொண்டரும் அன்றிரவே திரும்பி வந்து பாடினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, இந்தப் பெண் அந்த மேடைக்கு எப்படி வந்தார்? இங்கேதான் மாணவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பாஸ்டன் பக்கத்தில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தார். ஹார்வர்டு சதுக்கத்தில் நின்று பாடுவார். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலி நிலையத்தில் தன் பாட்டுகளைப் பதிவு செய்து வைத்திருந்தார். அவரோடு படித்த பிரையன் கோப்பல்மன் பின்னாளில் சொன்ன கதை இது: நண்பர் ஒருவர் நிலையத்தில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுக்க, கோப்பல்மன் அந்த டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இசைப் பதிப்புத் தொழிலில் இருந்த தன் அப்பாவிடம் கொடுத்தார். வெம்ப்ளிக்குப் போன பாதை ஒரு கல்லூரி வானொலியின் அலமாரியிலிருந்து தொடங்கியது, ஐயா!

இது ஒருவருடைய அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்காவில் அந்த இசைக்கே 'காலேஜ் ராக்' என்று பெயர். ஜார்ஜியாவில் ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் தொடங்கிய ஆர்.இ.எம். குழுவைப் பல வருஷம் தாங்கிப்பிடித்தவை மாணவர் வானொலிகள். 1988-இல்தான் அவர்கள் வார்னர் என்ற பெரிய கம்பெனிக்குப் போனார்கள். நிர்வாணாவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட சப் பாப் நிறுவனத்தின் புரூஸ் பாவிட், ஒலிம்பியாவில் எவர்கிரீன் கல்லூரி வானொலியில் நிகழ்ச்சி நடத்தியவர். 1988 செப்டம்பரில் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் அமெரிக்கப் பத்திரிகையான பில்போர்டே இந்த இசைக்குத் தனிப் பட்டியல் போட வேண்டி வந்தது. இங்கிலாந்தில் அந்த வேலையை பிபிசி வானொலியின் ஜான் பீல் தனி ஆளாகச் செய்தார். ராத்திரியில், யாருக்கும் தெரியாத குழுக்களை அழைத்து வாசிக்க வைத்தார். குன்று என்றால் இமயமலை வேண்டாம், தாய்மார்களே. ஒரு மொட்டைமாடியும் ஒரு ஆன்டெனாவும் போதும்.

கம்ப்யூட்டர் இசைக்கு வந்த கதை பெரிய கதை. ஒலித்துண்டுகளைப் பதிவு செய்து திரும்ப வாசிக்க வைக்கிற சாம்ப்ளர் என்ற கருவியைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசலாம். நேரம் இல்லை. நான் வந்த காரியத்துக்கு வருகிறேன்.

சமுதாய வானொலி என்றால் ஒரு வட்டாரத்து மக்களுக்காக அந்த வட்டாரத்திலேயே நடக்கிற சின்ன வானொலி. இந்தியாவில் முதல் கல்லூரிச் சமுதாய வானொலி எங்கே தொடங்கியது தெரியுமா? சென்னையில். அண்ணா பல்கலைக்கழகத்தில், 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி. நமக்குத்தான் முதல் பெருமை. அப்புறம் ஏன் இந்தக் கல்லூரியில் இல்லை? சட்டம் தடுக்கவில்லை. கல்வி நிறுவனம் விண்ணப்பிக்கலாம். ஒலிபரப்பும் சக்தி 100 வாட் வரை அனுமதி. ஐந்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். பேருந்து நிலையத்திலிருந்து ஆற்றங்கரைத் தெரு வரை வந்துவிடுமா இல்லையா? நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. வேறு என்ன வேண்டும்? விடுதி அறையில் கித்தாரை வைத்துக்கொண்டு பாட்டு எழுதுகிற தம்பி இருக்கிறார். பறை அடிக்கிற தங்கைகள் இருக்கிறார்கள், இன்று வரவேற்பில் கேட்டோமே! கானா பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் குடத்துக்குள் இருக்கிறார்கள்.

யூடியூப் இருக்கிறதே என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. யூடியூபில் போட்டால் உலகம் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். வானொலியில் தேர்ந்தெடுக்கிறவர் ஒரு மனிதர். ‘இதைக் கேளுங்கள், எனக்குப் பிடித்தது’ என்று பக்கத்துத் தெருக்காரர் சொல்வது வேறு. ஜான் பீல் செய்தது அதுதான்.

தாளாளர் அவர்களே, பழைய ஆய்வகக் கட்டிடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒன்று ஒலிப்பதிவுக்கு, ஒன்று ஒலிபரப்புக்கு. மாணவர்கள் எழுதிய கோரிக்கை மனு மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. போகும்போது எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்தை முதல்வர் அம்மையார் போட வேண்டும், இரண்டாவது நகர்மன்றத் தலைவர் அவர்கள். பேனா நான் கொண்டு வந்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.