கட்டுப் போட்ட பிறகும் வலி ஏறினால்

நேயர்களுக்கு வணக்கம். டெல்டாவில் அறுவடைக் காலம் வந்துவிட்டால் எலும்பு முறிவு வார்டில் கூட்டம் கூடிவிடும். டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் மாட்டிய கால், வாய்க்கால் கரையில் பைக்கோடு சரிந்து ஒடிந்த கால். எலும்பைச் சேர்த்துவிடலாம். எனக்குக் கவலையெல்லாம் அதைச் சுற்றியுள்ள சதையைப் பற்றித்தான்.

முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாக, விரிந்து கொடுக்காத உறைகளுக்குள் இருக்கின்றன. வாய் தைத்த சாக்குக்குள் நெல் ஊறி உப்பினால் மூட்டை எப்படி இறுகும்? அடிபட்ட காலில் ரத்தக் கசிவும் வீக்கமும் சேர்ந்தால் உள்ளே அதுதான் நடக்கிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் தசையும் நரம்பும் மீளாமல் போகலாம். இதைத்தான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்கிறோம். முன்கையிலும் வரும், முழங்கை ஒடிந்த குழந்தைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

கட்டுப் போட்டால் வலி குறைய வேண்டும். இதில் ஏறிக்கொண்டே போகும், ஊசி போட்டாலும் அடங்காது. கால் விரலை மெல்லப் பிடித்து அசைத்தாலே ஆள் அலறிவிடுவார். கெண்டைச்சதை விறைத்திருக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போகலாம். "நாடி நல்லாத்தானே அடிக்குது" என்று பக்கத்தில் இருப்பவர் தேற்றுவார். தயவுசெய்து அதை நம்பி உட்காராதீர்கள். பெரிய குழாயில் ரத்தம் ஓடும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும்.

மூங்கில் பட்டை வைத்து இறுக்கிய கட்டானால் உடனே முழுதாகத் தளர்த்துங்கள். கால் ஆடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மாவுக்கட்டானால் மருத்துவமனையில் அடிவரை பிளந்துவிடுவார்கள். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். தலையணை அடுக்கிக் காலை உயர்த்தவும் வேண்டாம், உயர்த்தினால் வருகிற ரத்தமும் குறையும். நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கட்டைப் பிரித்தும் அடங்கவில்லை என்றால், தோலையும் உறையையும் நீளமாகக் கீறித் திறந்துவிடுவோம். காயத்தைத் தைக்காமல் விட்டிருப்பதைப் பார்த்து வீட்டார் பதறுவார்கள். வீக்கம் வடியத்தான் அப்படி விடுகிறோம். சில நாள் கழித்து மூடுவோம். தேவைப்பட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவோம். அப்புறம் ஒன்று: வருகிற வழியில் டீகூட வாங்கிக் கொடுக்க வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் மயக்க மருந்து கொடுப்பது சுலபம்.