பகடை விழுந்த பிறகு

நடுவர் அவர்களே, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் கதை விளையாட்டில், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் பகடை முடிவை மாற்றலாமா என்பதுதான் இன்றைய பேச்சு. எதிரணி நண்பர் கேட்டார்: "மாதக்கணக்கில் வளர்த்த கதாபாத்திரத்தை ஒரு பகடை கொன்றுபோட்டால், கேம் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டுமா?" மனதைத் தொடும் கேள்விதான். ஆனாலும் பகடையை மறைத்து உருட்டும் திரைக்குப் பின்னால், விழுந்த எண்ணை மாற்றும் அதிகாரம் அவருக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நான் ஆடிய வீரன் ஒருவன் தனியாகப் பாலத்தைக் காத்துப் பிழைத்தான். பல நாள் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அப்புறம் ஒருநாள் கேம் மாஸ்டரே சொன்னார்: "அன்றைக்கு நீ செத்திருக்க வேண்டும், நான்தான் மாற்றிச் சொன்னேன்." பாசத்தில் செய்தார். ஆனால் அந்த வெற்றி அந்த நொடியே என்னுடையது இல்லாமல் போய்விட்டது.

இந்த வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளைப் பாருங்கள். அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளி பூஜ்யமானாலும் பெரும்பாலும் உடனே சாவு இல்லை. தன் முறை வரும்போதெல்லாம் 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் தங்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் போகும். 20 விழுந்தாலோ, ஒரு புள்ளியோடு எழுந்தே விடலாம்! அந்த இடைவெளியில்தான் தோழர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து ஓடிவருகிறார்கள். கேம் மாஸ்டர் எப்படியும் பிழைக்க வைத்துவிடுவார் என்று தெரிந்தால் யார் ஓடிவருவார்கள்?

கேம் மாஸ்டருக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லவில்லை. எத்தனை எதிரிகள், தப்பிக்க வழி உண்டா, விழுந்து கிடப்பவனை எதிரி மறுபடி வெட்டுவானா, எல்லாம் அவர் கையில்தான். ஆனால் அதெல்லாம் பகடை உருளும் முன்பு.

சாவே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஃபேட் விளையாட்டில், பகடை உருட்டும் முன்பே ஆட்டக்காரர் தோல்வியை ஒப்புக்கொண்டு, எப்படித் தோற்பது என்பதில் தன் விருப்பத்தையும் சொல்லலாம். 1984இல் வந்த பாரனோயா விளையாட்டு ஒவ்வொருவருக்கும் ஆறு நகல் உடல்களைக் கொடுத்தது; ஒன்று செத்தால் அடுத்தது வரும். எல்லாம் மேஜைக்கு மேலே, எல்லோருக்கும் தெரிந்த விதி.

சரி, சண்டையை அளவுக்கு மீறிக் கடினமாக்கிவிட்டதே கேம் மாஸ்டரின் தவறு என்றால்? "தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன், என்ன செய்யலாம்?" என்று மேஜையில் எல்லோரிடமும் கேட்கட்டும். அன்று பாலத்தில் அவர் அப்படிக் கேட்டிருந்தால், என் வீரன் அங்கேயே விழட்டும் என்று நானே சொல்லியிருப்பேன், நடுவர் அவர்களே.