தெற்கே சாய்ந்திருந்த தட்டு

(நூலக அரங்கொன்றில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிறுவயதில் பார்த்த அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறவன் நான். அந்தப் படங்கள் இல்லாமல் இந்தப் பாடத்துக்கு நான் வந்திருப்பேனா என்பது எனக்கே ஐயம்தான். ஆனால் இன்று நான் பேசப்போவது திரையில் தெரிந்ததைப் பற்றி மட்டுமன்று. அது திரைக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றியும்தான். என் நினைவில் இவ்விரண்டும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்ல எனக்கு வராது.

முதலில் கொட்டகையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர் தென்மாவட்டத்துச் சிற்றூர். வயலோரத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து, பழைய படங்களைப் பார்ப்போம். அங்கேதான் எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ‘கலை அரசி’ பார்த்தேன். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து, ஏ. காசிலிங்கம் இயக்கிய படம். வெளிவந்த ஆண்டு 1963. யூரி ககாரின் விண்ணுக்குச் சென்று இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. நிலவில் மனிதன் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அந்த வேளையில் சென்னையிலிருந்து ஒரு படம், வேற்றுக் கிரகத்தார் பறக்கும் தட்டில் பூமிக்கு வருவதாகக் கதை சொல்லியது. அவர்கள் வருவது ஊரை அழிக்கவோ தங்கத்தை அள்ளிப் போகவோ அன்று. தங்கள் கிரகத்தில் இசை வளரவில்லை என்பதால், பாடத் தெரிந்த ஒருத்தியைத் தேடி வருகிறார்கள். தூக்கிக்கொண்டு போவது குற்றம்தான். என்றாலும் அந்தக் காரணத்தை நான் இன்றும் வியக்கிறேன். விண்கலம் கட்டத் தெரிந்தவர்களுக்கும் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு, அது பாட்டு என்று நினைக்க, பாட்டிலேயே ஊறிய ஒரு திரையுலகத்தால்தான் முடியும்.

ஆனால் அன்றிரவு என்னை அதிகம் பிடித்துக்கொண்டது நம்பியாரின் வேற்றுக் கிரக வேடம்கூட அன்று. தரையில் மல்லாந்து கிடந்தபோது, என் தலைக்கு மேலே ஓர் ஒளிப்பட்டை போவதைக் கண்டேன். பின்னாலிருந்த அறையின் சிறு துளையிலிருந்து புறப்பட்டு, பீடிப் புகையும் தூசியும் அதற்குள் சுருண்டு நெளிய, விரிந்துகொண்டே போய்த் திரையில் முடிந்தது. திரையில் பறக்கும் தட்டு அசைந்தபோது அந்தப் பட்டைக்குள்ளும் ஏதோ அசைந்தது. படம் இங்கிருந்துதான் போகிறது என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் கதை சுவை குறைந்ததா என்றால், இல்லை. அன்று முதல் நான் திரையையும் பார்த்தேன், திரும்பித் துளையையும் பார்த்தேன்.

பிறகு 1985இல் தொலைக்காட்சி வந்தது. தெருவுக்கே ஒரு பெட்டிதான். ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சியின் வீட்டில், மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது என்றாலும், அதன் அலைகள் எங்கள் ஊருக்கு எட்டா. பக்கத்து நகரத்தில் நிறுவிய 100 வாட் ஆற்றலுள்ள சிறிய ஒளிபரப்பி, டெல்லி நிகழ்ச்சிகளை வாங்கி அப்படியே எங்களுக்குத் தந்தது. ஆகவே எங்கள் பெட்டி தமிழ் பேசவில்லை. நாங்கள் கற்ற முதல் இந்தி வாக்கியம், ஒளிபரப்பு அறுந்தபோதெல்லாம் திரையில் வந்து நின்ற ‘ருகாவட் கே லியே கேத் ஹை’, அதாவது ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ‘ஸ்டார் ட்ரெக்’ வரும். எண்ணெய் தேய்த்த தலையோடு, குளிக்காமலே ஓடிப் போய் உட்கார்ந்துவிடுவோம். விண்கப்பல் ஒன்றில் கிரகம் கிரகமாகப் போகிறவர்களின் கதை. அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான தொடர் அது. எங்களுக்கு அது பழையது என்பது தெரியாது. ஆங்கிலம் புரியாது. அண்ணாச்சிதான் நாற்காலியில் அமர்ந்தபடி தமிழில் சொல்வார். “இந்தக் காது கூரா இருக்கவன் இருக்காம்லா, இவனுக்கு அம்மை பூமிக்காரி, அப்பன் வேற கிரகத்துக்காரன். அதான் கோவமே வராது.” ஸ்பாக்கைப் பற்றி இதைவிடச் சுருக்கமான அறிமுகத்தை நான் எங்கும் படித்ததில்லை. சில நாள்களில் அவர் சொன்ன கதையும் திரையில் நடந்த கதையும் வெவ்வேறு என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, அதே தொடரை மறுபடியும் பார்த்தபோது அறிந்தேன். அவர் சொன்ன கதைகள் சில, அசலைவிட நன்றாக இருந்தன. அந்த மறுபார்வையில்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஸ்பாக்கின் சட்டை நீலம். செய்தித் தொடர்பு அதிகாரி ஊஹுராவின் உடை சிவப்பு. எங்கள் பெட்டியில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன.

அந்தக் கப்பலில் மனிதர்கள் ஒரு மேடையில் நின்று, மினுமினுத்துக் கரைந்து, வேறொரு கிரகத்தில் முளைப்பார்கள். ஒவ்வொரு வாரமும் கப்பலைத் தரையிறக்கிப் படமாக்கப் பணம் போதாது என்பதால் கண்டுபிடித்த உத்தி அது. அந்த மினுமினுப்பு, கறுப்புத் திரைக்கு முன்னால் அலுமினியத் தூளைக் கொட்டி, அதன்மேல் விளக்கடித்துப் படமெடுத்தது. ஆள் நெருங்கியதும் தானாகத் திறந்த கதவுகளை, மறைவில் நின்ற தொழிலாளர்கள் கையால் இழுத்தார்கள். மருத்துவரின் கருவிகளாகக் காட்டப்பட்டவற்றில் சில, கடையில் வாங்கிய உப்புத் தூவிகள். இவற்றையெல்லாம் என் மாணவர்களிடம் நான் மறைப்பதில்லை. மாயம் கலைந்துவிடும் என்று சில பெற்றோர் வருந்துகிறார்கள். என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. அலுமினியத் தூள் என்று சொன்ன மறுநாள், நான்கு பிள்ளைகள் டார்ச் விளக்கும் சுண்ணாம்புத் தூளும் கொண்டுவந்து, வகுப்பறைச் சன்னலைச் சாத்திவிட்டுச் செய்து பார்த்தார்கள்.

‘ஜயண்ட் ரோபோ’ என்ற ஜப்பானியத் தொடரும் தூர்தர்ஷனில் வந்தது. ஒரு சிறுவன் தன் கைக்கடிகாரத்தில் பேசி, மலை உயர இயந்திர மனிதனை ஏவுவான். எங்களிடம் கைக்கடிகாரம் ஏது? தென்னோலையைக் கிழித்து, மடித்து, சதுர முகமும் வாரும் வைத்துப் பின்னிக் கட்டிக்கொள்வோம். ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தொட்டியின் கீழே நின்று, அந்த ஓலைக் கடிகாரத்தில் வாயை வைத்து, “ரோபோ, எழுந்திரு” என்று எத்தனை மாலைகள் கத்தியிருப்போம். கடைசிப் பகுதியில் அந்த இயந்திரம், கட்டளைக்குக் காத்திராமல் பகைவனைத் தூக்கிக்கொண்டு விண்ணுக்குப் பறந்து தன்னை அழித்துக்கொண்டபோது, நான் வாய்விட்டு அழுதேன்.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கொட்டகையில் ஒளிப்பட்டையைக் கண்டவனுக்கு, இந்தப் பெட்டியில் படம் எந்த வழியாக வருகிறது என்ற கேள்வி ஓயவில்லை. பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன், துளை இல்லை. அண்ணாச்சி ஒருநாள் என்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றி, பக்கத்து நகரத்து ஒளிபரப்பி நிலையத்துக்கு அழைத்துப் போனார். வேலிக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தோம். ஓர் இரும்புக் கோபுரம். அதன் அடியில், கோவில் உருளியைப் போலப் பெரிய தட்டு ஒன்று. டெல்லி வடக்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தட்டு வடக்கே பார்க்கவில்லை. ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்த்து, சற்றே தெற்கே சாய்ந்திருந்தது.

“அண்ணாச்சி, டெல்லி வடக்கல்லா இருக்கு? இது ஏன் மேல பாத்துக்கிட்டு இருக்கு?”

“டெல்லிக்காரன் படத்த மேல அனுப்புதான்ல. மேல ஒண்ணு நிக்கி. அது வாங்கி நமக்குத் தருது.”

“மேலன்னா, ராக்கெட்லயா?”

“ஆமா. நீ பொட்டிக்குள்ள பாக்கியே, அதுமாதிரிதான். ஆனா இது நெசம்.”

அந்த மேலே நின்றது, இன்சாட்-1பி என்ற இந்தியச் செயற்கைத் துணைக்கோள். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 74 பாகையில் இருந்தது. பூமி சுழலும் வேகத்துக்கு இணையாகச் சுற்றியதால், பார்ப்பவர்க்கு அசையாமல் நிற்பது போலிருக்கும். நம் தென்மாவட்டங்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகை அளவில் இருப்பதால்தான் எங்கள் தட்டு தெற்கே சாய்ந்திருந்தது. டெல்லியிலிருந்து எங்கள் ஊருக்கு நேர்க்கோட்டில் 2,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தொலைவைக் கடக்க, ஸ்பாக்கின் முகம் 70,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, கால் நொடியில் எங்கள் திண்ணைக்கு வந்தது. திரைக்குள் கற்பனைக் கப்பல் ஒன்று விண்மீன்களுக்கிடையே போய்க்கொண்டிருக்க, அந்தக் காட்சியையே ஒரு மெய்யான விண்கலம் சுமந்து வந்து தந்தது. பள்ளியில் எவரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் தீராத மனக்குறை.

இன்சாட்-1பி போன விதமும் கதையைப் போன்றதே. அதற்கு முந்தைய இன்சாட்-1ஏ, 1982 ஏப்ரலில் ஏவப்பட்டு, சில மாதங்களிலேயே செயலிழந்தது. அடுத்ததை 1983 ஆகஸ்ட் 30 அன்று, இருள் விலகாத பின்னிரவில், ‘சேலஞ்சர்’ விண்ணோடம் ஃபுளோரிடாவிலிருந்து ஏற்றிச் சென்றது. விண்ணோடங்கள் இரவில் கிளம்பியது அதுவே முதல்முறை. மேலே விடப்பட்ட பின், துணைக்கோளின் சூரியத் தகட்டுச் சிறகு விரிய மறுத்தது. பொறியாளர்கள் பல நாள் போராடி, செப்டம்பரில்தான் அதை விரித்தார்கள். அந்தச் சிறகு மடங்கியே இருந்திருந்தால், எங்கள் தெருவுக்கு ஸ்டார் ட்ரெக் வந்திராது.

அந்தச் சேலஞ்சர் பயணக் குழுவில் கியோன் புளூஃபோர்ட் இருந்தார். விண்ணுக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே. இங்கே ஒரு தொடர்பைக் கவனியுங்கள். ஊஹுராவாக நடித்த நிசெல் நிக்கல்ஸ், 1977இல் நாசாவுக்காக ஊர் ஊராகச் சென்று, பெண்களும் கறுப்பினத்தவரும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தவர். அதையடுத்து 1978இல் தேர்வான 35 பேரில் ஒருவர் புளூஃபோர்ட். எங்கள் பெட்டியில் சாம்பல் நிற உடையில் தெரிந்த அந்த அம்மையார் துணைநின்ற தேர்வில் வென்றவர்களுள் ஒருவர் ஏறிச் சென்ற ஓடமே, அந்த அம்மையாரின் உருவத்தை எங்கள் ஊருக்குத் தந்த துணைக்கோளையும் சுமந்து சென்றது. இதை நான் அறிந்த நாளில், வகுப்பு எடுக்க முடியாமல் சற்று நேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன்.

துணைக்கோளை ஓரிடத்தில் நிற்பது போல் நிறுத்திச் செய்தி பரப்பலாம் என்பதை 1945இலேயே ஒரு கட்டுரையில் விரித்து எழுதியவர், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அவர் வாழ்ந்தது நமக்கு அருகில், கொழும்பில். 1975இல் இந்தியா, செயற்கைக்கோள் வழியே 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தபோது, இஸ்ரோ பொறியாளர்கள் அவர் வீட்டுக்கே சென்று ஒரு தட்டு நிறுவித் தந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் எழுதியதை, அவர் தம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர், புறப்பட்ட 73 நொடிகளில் சிதறியது. எழுவர் இறந்தார்கள், அவர்களில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியையும் ஒருவர். அண்ணாச்சி வீட்டில் கூட்டம் கூடி, அந்த வெண்புகை இரண்டாகப் பிரிவதைப் பார்த்தோம். படத்தில் கப்பல் நொறுங்கினால் அடுத்த ஞாயிறு அது திரும்ப வரும் என்று பழகிய பிள்ளைகள் நாங்கள். எங்களில் ஒருவன், “அடுத்த வாரம் வந்துருவாங்களா?” என்று கேட்டான். அண்ணாச்சி எழுந்து பெட்டியின் மரக்கதவைச் சாத்தினார். நமக்குப் படம் தரும் கோளைத் தூக்கிச் சென்ற ஓடம் இதுதான் என்று அன்று அவருக்கும் தெரியாது.

தரைவழி ஒளிபரப்பு நிலையங்கள் நாடெங்கும் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. சென்ற ஆண்டு, என் வகுப்பு மாணவர்களை அந்தப் பழைய வளாகத்துக்கு அழைத்துச் சென்றேன். தட்டு இல்லை. அது நின்ற சிமென்ட் பீடம் மட்டும், துருவேறிய நான்கு திருகாணிகளோடு, நடுவில் மழைநீர் தேங்கிக் கிடந்தது. தட்டு எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று கேட்டேன். ஒரு மாணவி பீடத்தின்மேல் ஏறி, முகத்தை வானத்துக்கு நிமிர்த்தி, “இப்படியா ஸார்?” என்றாள். இன்னும் கொஞ்சம் தெற்கே என்றேன். மோவாயைச் சற்றே திருப்பி, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, அப்படியே நின்றாள்.

“அந்தச் சேட்டிலைட் இப்பவும் மேலதான் இருக்கா ஸார்?”

“மேலதான் இருக்கு. வேலை செய்யாது. இந்த இடத்துல நிக்காது, நகர்ந்துக்கிட்டே சுத்தும். அவ்வளவு உயரத்துல இருக்குறது கீழ விழாது.”

அவள் இறங்கவில்லை. பீடத்தில் ஏறி நின்று பார்க்க, மற்றப் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் வரிசை கட்டத் தொடங்கினார்கள்.