‘ஒன் மோர்’ கேட்பதற்கு முன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

“போதை, ஆள்கடத்தல், வன்கொடுமை பற்றிச் சுயாதீனப் படம் எடுப்பவருக்கு முதலில் வேண்டியது, உள்ளதை உள்ளபடி காட்டும் துணிவா? பட்டவரைக் காக்கும் பொறுப்பா?” இது நீங்கள் கொடுத்த தலைப்பு. பொறுப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, “பெரிய முதலாளி கிடையாது, நட்சத்திரம் கிடையாது. சுயாதீனப் படத்துக்கு இருக்கும் ஒரே சொத்து துணிவு. அதற்கும் கடிவாளமா?” என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அந்தத் துணிவுக்கு விலை கொடுப்பவர் யார் என்று அவர் சொல்லவே இல்லை.

நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தவற்றைச் செய்தவன் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய படத்தில் உதவி இயக்குநராக இருந்தேன். மறுவாழ்வு இல்லம் ஒன்றில் ஓர் அக்காவைப் பேட்டி எடுத்தோம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போனவனைப் பற்றிச் சொன்னார். பூட்டிய அறையைப் பற்றிச் சொன்னார். அழுகையை அடக்க வாயில் ஊற்றிய சாராயம், பிறகு அது இல்லாவிட்டால் கை நடுங்கும் என்ற நிலைக்குத் தன்னைக் கொண்டுபோனதைச் சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு லாரி ஹாரன். ஒலிப்பதிவாளர் உதட்டைப் பிதுக்கினார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், “அக்கா, அந்த ரூம் விஷயம் மட்டும் ஒன் மோர் போலாமா?” என்றேன். அவர் மறுக்கவில்லை. மறுபடி சொன்னார். அன்று இரவு அவர் தூங்கவில்லை. கதவைச் சாத்தக் கூடாது என்று விடியும்வரை அழுதார். மறுநாள் இல்லத்துப் பொறுப்பாளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நடிகரிடம் ‘ஒன் மோர்’ கேட்டால் அவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிற்பார். அந்த அக்காவை நான் மறுபடி அதே அறைக்குள் அனுப்பியிருக்கிறேன்.

எதிரணித் தலைவர், கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகிப் பின் கொள்ளைக்கூட்டத் தலைவியான பூலன் தேவியைப் பற்றிய ‘பண்டிட் க்வீன்’ படத்தை எடுத்துவைத்தார். அதில் வரும் வன்கொடுமைக் காட்சிகள் காமத்தைத் தூண்டவில்லை, கொடுமை செய்தவர் மேல் அருவருப்பைத்தான் உண்டாக்குகின்றன என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது என்றார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தின் கதையில் மறுபாதியை ஏன் விட்டுவிட்டார்? படம் வந்த 1994-இல் பூலன் தேவி உயிரோடு இருந்தார். பதினோரு வருடச் சிறை முடிந்து அந்த வருடம்தான் வெளியே வந்திருந்தார். தன் உடலுக்கு நேர்ந்ததைத் திரையில் காட்டாதே என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறியவர் அவர்! பிறகு பணம் கொடுத்துச் சமரசம் ஆனது. பார்வையாளருக்கு அருவருப்பு வந்ததா என்று சட்டம் கேட்டது. பட்டவளிடம் அனுமதி கேட்டீர்களா என்று நான் கேட்கிறேன். உயிரோடு இருக்கும் ஒரு பெண் ‘வேண்டாம்’ என்று சொல்வதைத் தாண்டிப் போவதற்குத் துணிவு என்று பெயர் வைக்க என் நா எழவில்லை. தீங்கு தராத சொல்லுக்குத்தான் வாய்மை என்று பெயர். இந்த மண் என்றோ வகுத்த இலக்கணம் அது.

அப்படியானால் இந்தக் கதைகளைச் சொல்லவே கூடாதா? சொல்ல வேண்டும் ஐயா! 1988-இல் மீரா நாயர் ‘சலாம் பாம்பே’ எடுத்தார். தலைப்பில் உள்ள அத்தனையும் அதில் இருக்கிறது: போதைக்கு அடிமையான சில்லம் என்ற இளைஞன், விபச்சார விடுதிக்கு விற்கப்பட்ட நேபாளச் சிறுமி, ஊர் திரும்பக் காசு சேர்க்கும் பையன். நடித்த பிள்ளைகளில் பலர் நிஜமாகவே தெருவில் வாழ்ந்தவர்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே தெருவுக்குப் போய்விடவில்லை. முதலில் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பட்டறை. நாடக இயக்குநர் பேரி ஜான் நடத்தினார். படம் கேன்ஸ் திரைப்பட விழாவில், முதல் படத்துக்குத் தரும் கேமரா தோர் விருது வாங்கியது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அதோடு முடியவில்லை. அதே வருடம் தெருக் குழந்தைகளுக்காக சலாம் பாலக் அறக்கட்டளை தொடங்கியது. பொறுப்போடு எடுத்ததால் படத்தின் கூர் எங்கே மழுங்கியது, சொல்லுங்கள்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் படத்தில் நடித்துத் தேசிய விருது வாங்கிய பையன், பின்னாளில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டினார். உழைத்துச் சாப்பிடுவதில் குறைவு எதுவும் இல்லை. ஆனால் கைதட்டல் அடங்கிய பிறகு அந்தப் பிள்ளைகளோடு யார் இருப்பது என்ற கேள்வி, இத்தனை அக்கறையோடு எடுத்த படத்திலும் மிச்சமிருக்கிறது. அக்கறையே இல்லாத இடத்தில்?

ஆள்கடத்தலைப் பற்றிய ‘நா பங்காரு தல்லி’ என்ற தெலுங்குப் படத்தையும் பாருங்கள். தயாரித்தவர் சுனிதா கிருஷ்ணன். தானே வன்கொடுமையிலிருந்து மீண்டதாக வெளிப்படையாகப் பேசுபவர். ஹைதராபாத்தில் பிரஜ்வலா அமைப்பை 1996-இல் தொடங்கி, கடத்தப்பட்ட பெண்களை மீட்டுவருபவர். அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. அவருக்குத் துணிவு இல்லை என்று இந்த அவையில் யாராவது சொல்வீர்களா? அவர் காத்த பெண்களிடமிருந்து வந்த துணிவு அது.

போதைக்கும் இதே கணக்குதான். குடியையோ போதைப் பொடியையோ விட்டு மீண்டவருக்கு, அந்த ஊசியையும் தாளையும் பார்த்தாலே போதும், அடங்கிய வேட்கை மறுபடி தலைதூக்கும். மருத்துவர்கள் தெளிவாகச் சொல்லும் விஷயம் இது. ‘நிஜமாக இருக்கட்டும்’ என்று அப்படி ஒருவரைக் கூட்டிவந்து கையில் போலிப் பொடியைக் கொடுத்தால், பொடி போலி, வேட்கை நிஜம். ஷூட்டிங் முடிந்து வேன் கிளம்பிவிடும். அவர் எங்கே போவார்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம்.

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேமரா இல்லாமல் போனேன். அந்தப் பதிவை அழித்துவிட்டோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “அந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னு ரெண்டு தரம் கேட்டீங்க தம்பி. அங்கேர்ந்து நான் எப்படி வெளிய வந்தேன்னு ஒரு தரம்கூடக் கேக்கலையே” என்றார்.

கேட்டேன். சாயங்காலம் வரைக்கும் சொன்னார்.