அரைப் பேரும் கிளினிக் அட்டையும்

(மலையக ஆசிரியர்கள் கூடிய ஒரு மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

2016ஆம் ஆண்டு செப்டம்பரில், இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1934-35இல் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல் அது. பெருமைப்பட வேண்டிய சேதிதான். அதே 2016இல் எடுத்த நாடளாவிய சுகாதார ஆய்வில் இன்னொரு கணக்கும் வந்தது. ஐந்து வயதுக்குக் கீழே, வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுக்க 17 வீதம். பெருந்தோட்டங்களில் 31.7 வீதம். இதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டோம்?

களுத்துறையில் 1926லேயே சுகாதாரப் பிரிவு தொடங்கி, பிரசவமும் தாய்சேய் நலமும் பார்க்கும் மருத்துவமாதுக்களை வீடு வீடாக அனுப்பிய நாடு இது. குறைந்த செலவில் நிறைய உயிர்களைக் காப்பாற்றியது என்று உலகம் உதாரணம் காட்டுகிறது. ஆனால் தோட்டத்து ஆளுக்கு மருந்து கொடுப்பது தோட்டத்தை நடத்தும் துரையின் பொறுப்பு என்று அரசாங்கம் வெகுகாலம் ஒதுங்கியே நின்றது. 1948இல் நம் சனத்தின் குடியுரிமையும் பறிபோனபின் கேட்க யார் இருந்தார்கள்? எழுபதுகளில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. வைத்தியம் மட்டும் இன்றுவரை பாதி தோட்டத்திடம், பாதி அரசிடம்.

சரி, காரணம் கேட்டால் படித்தவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “தோட்டத்துச் சனத்துக்குச் சுகாதார அறிவு போதாது.” இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கொழுந்தெடுக்கும் ஒரு கர்ப்பிணியின் நாளைப் பாருங்கள். விடியுமுன் தண்ணீர்ப் பீலியில் குடத்தோடு வரிசை. வரிசை வீடான லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அதற்குள்ளேயே விறகடுப்பு, அந்தப் புகைக்குள்ளேதான் மூத்த பிள்ளையின் தூக்கமும். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறாள். கிளினிக் நாளில் கீழே இறங்கிப் போனால் அன்றைக்குப் பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. சீக்கிரம் திரும்பி வந்து மலையேறினாலும் கிலோ குறையும், அரைப் பேர்தான். அவள் அறிவில்லாமல் கிளினிக்கைத் தவறவிடவில்லை ஐயா, கணக்குப் போட்டுத்தான் தவறவிடுகிறாள்.

திரிபோஷா என்ற சத்துமாப் பக்கற்றும் அப்படித்தான். அது அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் என்று கொடுப்பது. வீட்டில் பசித்த வாய் ஆறு இருக்கும்போது எந்தத் தாய் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தின்பாள்? உருண்டை பிடித்து எல்லாருக்கும் கொடுப்பாள். அடுத்த மாதம் தராசில் எடை ஏறவில்லை என்று அவளுக்கே ஏச்சு.

சுவரொட்டி ஒட்டி இதை மாற்ற முடியாது. கிளினிக் போகும் நாளுக்கு முழுப் பேர் போடச் சொல்ல வேண்டும். கம்பனி இலாபத்தில் அது ஒரு பெரிய தொகையா? கிளினிக்கையே கொழுந்து மடுவத்துக்குக் கொண்டுவரலாம். நிறுவை நேரத்தில் எல்லாப் பெண்களும் அங்கேதானே நிற்கிறார்கள்.

அப்புறம், நம் பங்கு. பல கிளினிக்குகளில் தாய்மாரோடு தமிழில் பேச ஆள் இல்லை. நம் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போகவேண்டுமென்றால் படிக்க வழி வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்... சரி, இறக்கிக்கொள்ளுங்கள். எண்ணுவதற்கு ஒரு கை விரல் போதும்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி மருத்துவமாதுவாகப் போனாள். முதல் மாதம் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தபோது ஒரு தாய் கேட்டாளாம்: “மிஸ், இதைத் தேத்தண்ணியில போட்டுக்கிறது தானே?” தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். நல்ல தூளெல்லாம் கப்பலேறிப் போனபின் நமக்கு மிஞ்சுகிற டஸ்ட்டிலும் அந்தச் சாயத்துக்குக் குறைவில்லை. “வேணாம்க்கா, தண்ணியில போடுங்க, தேத்தண்ணியக் கொஞ்ச நேரம் கழிச்சுக் குடிங்க” என்றிருக்கிறாள் இவள். அந்தத் தாய்க்கு அது மூன்றாவது பிள்ளை. முந்தைய இரண்டு பிள்ளைகளின் கிளினிக் அட்டைகளிலும் மாத்திரை கொடுத்ததாகத்தான் எழுதியிருந்ததாம்.