சாவி முதலில் வந்தது

வணக்கம். போன மாதம் எங்கள் மாடியில் குடியிருக்கும் அம்மா என்னிடம் வந்து, "சார், பையன் ராத்திரி சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கிறது என்கிறான், காலையில் பார்த்தால் மாவுப் பாத்திரம் காலி" என்றார்கள். பையன் ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறான். பசிக்கத்தானே செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த அம்மா ஃபிரிட்ஜில் கறிவேப்பிலை கவருக்குப் பின்னால் கிடைத்ததாக ஒன்றைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்கள். கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, அடியில் பனி படிந்த மாதிரி வெள்ளைப் பொடி. லேபிளில் 'ஜிஹெச்ஆர்பி-6'. அதற்குக் கீழே, 'ஆராய்ச்சிக்கு மட்டும்'.

அந்தப் பெயரைப் பார்த்ததுமே பசி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் உயிர்வேதியியல் நடத்தியவன் நான், இந்தக் கதையைச் சொல்லாத வருஷமே கிடையாது.

1970களின் கடைசி. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரம், துலேன் பல்கலைக்கழகம். அங்கே சிரில் பவர்ஸ் என்ற மருத்துவர். நம் மூளை தானாகவே வலியைக் குறைக்க என்கெஃபலின் என்று ஒன்றைத் தயாரிக்கிறது. ஐந்தே ஐந்து அமினோ அமிலங்கள், மணி கோத்த மாதிரி. பவர்ஸும் கூட்டாளிகளும் அதில் ஒரு மணியைக் கழற்றி வேறு மணி கோத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்படி மாற்றியதில் ஒன்றுக்கு வலி குறைக்கும் வேலை போய்விட்டது, ஆனால் ஆய்வகத் தட்டில் வைத்த பிட்யூட்டரி சுரப்பியின் மேல் விட்டால் அது வளர்ச்சி ஹார்மோனை வெளியே விட்டது. பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் சுரப்பி. நன்றாகக் கேளுங்கள், இந்தச் சின்னச் சங்கிலி வளர்ச்சி ஹார்மோன் இல்லை. ஹார்மோனில் 191 மணிகள். இது அந்தச் சுரப்பியின் கதவைத் தட்டுகிற ஆள், அவ்வளவுதான்.

அந்தத் தட்டல் முதலில் ரொம்ப பலவீனம். ஃபிராங்க் மொமனி என்ற வேதியியலாளரோடு சேர்ந்து திருத்தித் திருத்தி, 1984இல் ஆறு மணிச் சங்கிலி ஒன்றை வெளியிட்டார்கள். அந்தக் குப்பியில் இருந்த பெயர் அதுதான். ஆறில் இரண்டு மணிகள் நம் உடம்பில் வழக்கமாக இருப்பவற்றின் கண்ணாடிப் பிம்பம், அதனால் நொதிகளால் அதைச் சீக்கிரம் அறுக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் 1982இல், வளர்ச்சி ஹார்மோனை விடச் சொல்லி மூளை அனுப்பும் இயற்கையான ஹார்மோனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் என்ன, பவர்ஸின் சங்கிலி அதே கதவைத்தான் தட்டுகிறது என்று நினைக்கலாம் இல்லையா? இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், தனித்தனியாகக் கொடுத்து வந்த அளவுகளின் கூட்டலைவிடவும் அதிகமாக ஹார்மோன் வந்தது. ஆக, கதவு வேறு. கையில் சாவி இருக்கிறது, பூட்டு எங்கே என்று தெரியாது! 1996இல்தான் மெர்க் என்ற மருந்து நிறுவனத்து ஆட்கள் அந்தப் பூட்டைக் கண்டுபிடித்தார்கள். பூட்டு இருந்தால் உடம்பில் அதற்கென்று ஒரு சொந்தச் சாவி இருக்க வேண்டுமே. மூளையில்தான் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் அதைக் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? எலியின் இரைப்பை. கிரெலின் என்று பெயர் வைத்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க நம் ரத்தத்தில் ஏறுவது, வயிறு காலி என்று மூளைக்குச் சொல்வது, அதே கிரெலின்தான்.

இப்போது அந்த மாவுப் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பையன் ஊசியில் ஏற்றிக்கொண்டது தசை இல்லை, வளர்ச்சி ஹார்மோன்கூட இல்லை. 'வயிறு காலி' என்கிற சேதி.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடியப்போகிறது என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள், அதனால் மருந்துப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இதே கதவைத் தட்டும் மாசிமொரெலின் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்க. அனமொரெலின் மாத்திரை 2021இல் ஜப்பானில், புற்றுநோயால் உடம்பு இளைத்துப் போகிறவர்களுக்கு. உடம்பு ஏற்றுவதற்கென்று எதற்கும் அனுமதி இல்லை, விளையாட்டில் எல்லாமே தடை. இந்தக் கதவைத் தட்டும் ஒரு மாத்திரையை 60 வயது தாண்டியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பில்லாத எடை ஒரு கிலோ போலக் கூடியது, பலம் கூடவில்லை, ரத்தச் சர்க்கரை கொஞ்சம் ஏறியது.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னேன். பொடியைக் கரைக்க எந்தத் தண்ணீர், யார் அளந்து கொடுத்தது என்று கேட்டேன். ஜிம்மில் ஒரு அண்ணன் என்றான். மறுநாள் அவனே வந்து மிச்சமிருந்த மூன்று குப்பிகளையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நன்றி, வணக்கம்.